போத்தலில் கொண்டுபோன பூச்சி: வவுனியாவிலிருந்து புதுக்குடியிருப்புக்கு ஒரு நாள்

அன்று அந்த விறாந்தையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரோரக் கதிரையில் மாப்பிள்ளையின் தாய் திலகவதி. பக்கத்தில் தகப்பன் இராசையா, வாய் நிறைய வெற்றிலை. கலியாணத் தரகர் மயில்வாகனம். மற்றவர்கள் முதல் தேத்தண்ணியை முடிக்குமுன் இரண்டாவது கேட்டவர். என் தங்கச்சி செல்வராணி, அவள் புருசன் சிவலிங்கம். அறைக் கதவுக்குப் பின்னால் அவர்களின் மகள் தர்சினி; சேலைக் கரை மட்டும் தெரிந்தது. வாசலோர வாங்குப் பலகையில் நான். ஒருவரும் விடுபடவில்லை. எனக்கு மறதி கிடையாது.

பயணக் கட்டுரை என்றால் திகதியும் வழியும்தான் முதலில் வர வேண்டும் என்று பேத்தி சுதா சொல்கிறாள். இந்த வலைப்பூ அவளுடையது. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு, ஓமந்தை தாண்டிப் போவது எப்படி என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் அவளிடம் கேட்டு எழுதுகிறார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அந்த வழியால் போய் வந்தவள். நான் சொல்கிறேன், அவள் தட்டுகிறாள். எனக்குப் பிடித்த ஒழுங்கில்தான் சொல்லுவேன்.

நான் போனது இரண்டு தரம். இரண்டும் போன வருசம், 2004 தையிலும் மாசியிலும். முதல் தரம் தர்சினியின் கலியாணத்துக்கு நாள் வைக்கும் பேச்சுக்கு. இரண்டாம் தரம் என் பெயரைத் திருப்பி எடுக்க. நீங்கள் பயன்படுத்தக்கூடிய விபரமெல்லாம் இரண்டாவது பயணத்தில்தான் இருக்கிறது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல், ஒரு கிழவி ஏன் பூச்சியைப் போத்தலில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள் என்பது உங்களுக்கு விளங்காது.

எங்கள் வளவில் நான்கு தோடை மரங்கள், அதாவது ஆரஞ்சு மரங்கள், இருக்கின்றன. நான் வைத்து, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. அந்த வருசம்தான் முதல் காய்ப்பு. அதில் ஒரு பழம்கூட விற்கவில்லை. பனையோலைப் பையில் வைக்கோல் போட்டு அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். செல்வராணி அந்த வீட்டுக்குப் போனது பாதை பூட்டிக் கிடந்த காலத்தில். நான் அந்தப் படலையைத் திறந்தது அன்றைக்குத்தான் முதல் தரம்.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. திலகவதி என் பக்கம் திரும்பி, "நீங்கள் வவுனியாவில என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்.

"இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குக் குடுக்கிறன்" என்றேன்.

செல்வராணி கையில் இருந்த தட்டத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அதன் கருத்து விளங்கவில்லை.

பிறகு என் பழங்கள் வந்தன. திலகவதி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இதென்ன ஓட்டை?" என்றார். ஊசி முனை அளவு. பெருவிரலால் அமத்த, அதற்குள்ளால் சாறு கசிந்தது. வெட்டினார். உள்ளே மண்ணிறமாக அழுகிப் புளித்த கள்ளு மணம் அடித்தது. அடுத்ததை வெட்டினார், அதுவும் அப்படித்தான். மூன்றாவதை வெட்டவில்லை. ஓட்டையைத் தேடிப் பிடித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"ஊசி ஏத்தின பழம். நாள் வைக்கிற வீட்டுக்கு ஆர் உதைக் கொண்டந்தது?"

இராசையா எழும்பிப் போய் முற்றத்தில் வெற்றிலையைத் துப்பினார். செய்வினை என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. செல்வராணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அக்கா" என்றாள். அவ்வளவுதான். ஒரு சொல்.

"உங்கட வீட்டிலயும் கட்டாத குமர் ஒண்டு நிக்குதாம், என்ன?" என்று திலகவதி என்னைக் கேட்டார்.

அந்தக் குமர் இப்போது இதைத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் ஓலைப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். படலை மட்டும் வந்து வழியனுப்ப ஒருவரும் எழும்பவில்லை. தாலி இல்லாத கழுத்தோடு முன்னுக்குப் போய் இருந்ததே பிழையோ என்று வழி நெடுக யோசித்தேன். முகத்தில் அடித்திருந்தால் அந்த நோ வீட்டுக்கு வருமுன் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்கிறார்களாம், நான் இனி அங்கே வராமல் விடுவது நல்லதாம் என்று தரகர் பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அன்று பின்னேரமே கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன். நான்கு மரத்தையும் தறிப்பது என்றுதான் இறங்கினேன். இருட்டுப்பட்டுவிட்டது. பின்னால் ரோச் லைற்றோடு ஓடி வந்த சுதா, "அம்மம்மா, நில்லுங்கோ, அங்க பாருங்கோ!" என்றாள். பழத்துக்கு மேலே சின்னச் சின்னச் சிவப்புக் கண்கள், நெருப்புத் தணல் மாதிரி. கிட்டப் போனால் பழத்தில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டேன். இலை செட்டையை விரித்தது. உள்செட்டை நல்ல மஞ்சள், அதில் கறுப்பு வளைவு. என் உள்ளங்கை அளவு இருக்கும். அதன் வாயிலிருந்து ஒரு குழல் பழத்தின் தோலுக்குள் இறங்கியிருந்தது. இழுத்து எடுத்தேன். ஊசி முனை அளவு ஓட்டை.

நான் அழுததைச் சுதா எழுதக் கூடாது என்று சொன்னேன். எழுதுகிறாள்.

பூச்சியைப் பற்றி அவள் இணையத்தில் பார்த்துச் சொன்னதையும் இங்கே வைக்கிறேன். இது மழைக்காட்டிலும் எங்கள் காடுகள் மாதிரி இடங்களிலும் வாழும் அந்துப்பூச்சி. குஞ்சுப் புழு காட்டுக் கொடிகளின் இலையைத் தின்னும். வளர்ந்ததும் இருட்டில் காட்டை விட்டு வெளியே வந்து தோட்டத்துப் பழங்களைக் குத்தும். மற்ற அந்துகளுக்குத் தேன் உறிஞ்ச மெல்லிய குழல்தான் உண்டு. இதற்குக் குழல் நுனியில் அரம் மாதிரி முள்ளு. அது குத்திய ஓட்டையால் கிருமி இறங்கி, வெளியே பளபளக்கும் பழம் உள்ளே அழுகும்.

இனி வழி.

எட்டாம் நாள் பயணம் வைத்தேன். முதல் நாள் இரவு புதிதாக ஒரு பூச்சி பிடித்தோம். பெரிய ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, தகர மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டோம். ஆணி தடித்துப் போயிற்று, அதனால் சாக்குத் தைக்கிற ஊசியால்தான் போட்டேன். ஒரு துண்டுத் தோடம்பழமும் உள்ளே வைத்தேன். திலகவதிக்கு முன்னால், போத்தலை ஒரு சேலையால் மூடி இருட்டாக்கி, அது குத்துவதைக் காட்டுவது என்பது என் எண்ணம்.

வவுனியா பஸ் நிலையத்திலிருந்து ஓமந்தைக்குக் காலை ஆறு மணிக்கு முதல் பஸ். ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர். அங்கே ஆமிச் சோதனை; எல்லாரும் இறங்கிச் சாமான்களைத் திறந்து காட்ட வேண்டும். பெண்களுக்கு வேறு வரிசை. வயது போனவர்களை முன்னுக்கு விடுவார்கள். கேட்டால்தான் விடுவார்கள், ஆகையால் கேளுங்கள். என் பையைத் திறந்த ஆமிப் பெடியன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "மொக்கத, அம்மே?" இது என்ன என்று கேட்கிறான். எனக்குச் சிங்களத்தில் பூச்சிக்குச் சொல் தெரியாது. போத்தலை லேசாகத் தட்டினேன். பூச்சி மஞ்சளை விரித்தது. அவன் ஓரடி பின்னுக்குப் பாய்ந்து, பிறகு வாயெல்லாம் சிரிப்பாக மற்றவர்களைக் கூப்பிட்டான். "சமனலயா! சமனலயா!" வண்ணாத்திப்பூச்சியாம். துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு மூன்று பேர் குனிந்து நின்று பார்த்தார்கள். வரிசையில் நின்ற சனமும் என்னைப் பார்த்தது. எனக்குத் தலையைக் குனியத்தான் இடமிருந்தது.

நடுவில் யாருக்கும் இல்லாத நிலம் கொஞ்சம். பிறகு புளியங்குளம், புலிகளின் சோதனை. அங்கேயும் இறங்க வேண்டும், திறக்க வேண்டும். தலைமயிரைப் பின்னி வளையமாகக் கட்டிய ஒரு பிள்ளை போத்தலைப் பார்த்தாள்.

"இதென்னம்மா கொண்டு போறியள்?"

"என்ர சாட்சி, பிள்ளை."

"உங்கட சாட்சிக்குச் செட்டை இருக்கு. மூடியை வடிவா இறுக்குங்கோ" என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.

புளியங்குளத்தில் அடுத்த பஸ். புதுக்குடியிருப்பு மட்டும் எழுபது ரூபாய். மாங்குளத்தில் பெரிய வீதியை விட்டு வலது பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போகும். அந்தத் துண்டு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். றோட்டு எல்லாம் குழியும் கிடங்கும். பின் ஆசனத்தில் இருந்தால் இடுப்பு கழன்றுவிடும். இரு பக்கமும் காடு. மாரி மழை ஓய்ந்த கையோடு எல்லாக் கொடியும் பச்சையாக ஏறிக் கிடந்தது. மிதிவெடிச் சிவப்புப் பலகை தெரிகிற இடத்தில் சலம் கழிக்கவும் இறங்காதீர்கள்.

மாங்குளத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தவர் றபீக் என்று ஒருவர். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் ஆள். தொண்ணூறில் தங்கள் சனத்தோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கிடந்து, பாதை திறந்த பிறகு திரும்பி வந்து பழ வியாபாரம் செய்கிறாராம். போத்தலை ஒரு பார்வை பார்த்தார்.

"அம்மா, நான் இந்தக் கள்ளனைக் கண்டால் நசுக்கிறனான். நீங்கள் பஸ்ஸில ரிக்கற் எடுத்துக் கூட்டிக்கொண்டு போறியள்."

"தம்பிக்கு இதைத் தெரியுமோ?"

"தெரியாமல்? தோடம்பழம், கொய்யாப்பழம் ஒண்டும் விடாது. புத்தளத்தில நாங்கள் பழத்துக்குப் பழம் துணிப்பை கட்டுவம். பழைய சேலையைக் கிழிச்சுத் தைச்சாச் சரி. மரம் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது தெரியும் அம்மா. உங்கட வேலியில சீந்தில் கொடி நிக்குதோ?"

"நிக்குது. சலரோகத்துக்கு நானே நட்டது."

"அப்ப நீங்கள்தான் சாப்பாடு போட்டு வளத்திருக்கிறியள். இதின்ர புழு சீந்தில் இலைதான் தின்னுறது."

முன் ஆசனத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. திலகவதிக்குச் சொல்ல வேண்டியதை, துணிப்பை வரைக்கும், மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டேன். அவர் ஒட்டுசுட்டானில் இறங்கும்போது, "சாட்சி சொல்ல ஆள் வேணுமெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ" என்றார். நல்ல மனுசன்.

பதினொன்றரைக்குப் புதுக்குடியிருப்புச் சந்தியில் இறங்கினேன். தங்கச்சி வீடு அங்கிருந்து நடை தூரம். ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை.

தர்சினி மட்டும்தான் நின்றாள். தாய் கடைக்கு, தகப்பன் வயலுக்கு. என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. "கால் கழுவிப்போட்டு வாறன்" என்று சொல்லி, குசினியைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதல் தரம் வந்தபோது என்னை விறாந்தையோடு இருத்திவிட்டார்கள். பின் வளவை நான் பார்த்ததில்லை.

கிணற்றுக் கட்டோடு ஒரு தோடை மரம் நின்றது. அதில் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு துணிப்பை கட்டியிருந்தது. செல்வராணியின் பழைய நீலச் சேலை. அந்தக் கரையை எனக்குத் தெரியும். அவளுடைய தலைத்தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை.

வாளியைக் கையில் பிடித்தபடி நின்றேன். தர்சினி பின்னால் வந்து நின்றாள்.

"உது என்னத்துக்குப் பிள்ளை?"

அவள் வாளியை வாங்கக் கையை நீட்டினாள்.

"உன்னட்டைத்தான் கேக்கிறன்."

"பூச்சிக்கு, பெரியம்மா. போன வருசமும் அம்மா கட்டினவா."

"அப்ப அண்டைக்கு?"

"நான் அறைக்குள்ள இருந்து சொல்ல வெளிக்கிட்டனான். அம்மா உள்ள வந்து கையைப் பிடிச்சவா. வாயைத் திறக்காதை எண்டவா." பிறகு என் மற்றக் கையில் இருந்த போத்தலைக் கண்டாள். அழத் தொடங்கிவிட்டாள். "இண்டைக்கு மாமி சம்மதம் சொல்ல வாறா. போன கிழமை கிணத்தடிக்கு வந்து பையளைக் கண்டு கேட்டவா. வௌவாலுக்கு எண்டு அம்மா சொல்லிப்போட்டா. நீங்கள் பூச்சியைக் காட்டினால் எல்லாம் விளங்கியிடும். பொய்க்காரி வீட்டில பொம்பிளை எடுக்க மாட்டா. பெரியம்மா, காட்டாதேங்கோ. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

கடைசியில் சொன்னதை அவள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் காட்டியிருப்பேன்.

திலகவதி வந்தபோது செல்வராணியும் வந்துவிட்டாள். என்னைக் கண்டு படலையில் நின்றாள். நான் அதே வாங்கில் இருந்தேன், போத்தல் மடியில். ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை.

"போத்தலுக்குள்ள என்ன?" என்று திலகவதி கேட்டார்.

"பூச்சி. வழியில பிடிச்சது. பேத்திக்குக் காட்ட."

"ஊசிப் பழம் கொண்டந்தனீங்கள், இப்ப பூச்சியோ?" என்றுவிட்டு, கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார். "நான் மனசில வச்சுக் கதைக்கிற ஆள் இல்லை. நீங்களே சொல்லுங்கோ. அந்தப் பழத்துக்கு என்ன நடந்தது?"

செல்வராணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மூடியில் இருந்த ஊசி ஓட்டைகளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்க அவளுக்கு அப்போதும் நேரம் இருந்தது. நான் அவளுக்கு நேரம் கொடுத்தேன்.

"என்ர பிழைதான்" என்றேன். "பாராமல் கொண்டந்திட்டன். பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை."

"அது சரி" என்றார் திலகவதி. "பிழையை ஒத்துக்கொண்டதே பெரிய விசயம். கலியாணத்தை வைகாசியில வைப்பம். நீங்கள் மட்டும் வராதேங்கோ. கோவிக்கக் கூடாது, அதுதான் பிள்ளையளுக்கு நல்லது."

"ஓம்" என்றேன்.

அறுபத்திரண்டு வயதில், செய்யாத ஒன்றுக்குச் சொன்ன அந்த "ஓம்" என் வாய்க்குள் இன்னும் கிடக்கிறது. அந்த வெட்கம் யாருடையது என்று யோசித்துப் பார்த்தேன். செய்தவளுடையதாக இருக்க வேண்டும். ஆனால் என் முகம்தான் காந்தியது, நான்தான் தலை குனிந்து செருப்பைத் தேடினேன்.

இந்தத் தரம் செல்வராணி படலை மட்டும் வந்தாள்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோவன் அக்கா."

"ஏனடி?" என்று கேட்டேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அக்காவுக்கு வவுனியாவில தோட்டம் இருக்கு, வேலைக்கு ஆக்கள் நிக்கினம் எண்டு நான் அவையளுக்குச் சொல்லிப்போட்டன். நீங்கள் வந்திருந்து இடியப்பம் அவிக்கிறன் எண்டு சொல்லுறியள். கலியாணம் முடியுமட்டும் இன்னும் என்னென்ன சொல்லுவியளோ? அந்த நேரம் அவ ஊசி எண்டு சொன்னது... நான் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா. பேசாமல்தானே நிண்டனான்."

வேலியோரம் போத்தலைத் திறந்து சரித்துப் பிடித்தேன். பகல் வெளிச்சத்தில் பூச்சிக்கு வெளியே வர மனமில்லை. அடியில் தட்டினேன். விழுந்து, வேலியில் போய் ஒட்டி, காய்ந்த இலையாகிவிட்டது. எந்த இலை என்று எனக்கே பிறகு தெரியவில்லை. "அது உன்ர மரத்தில ஒண்டும் செய்யாது, நீதான் பை கட்டியிருக்கிறாயே" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றரை மணி பஸ். ஓமந்தையில் அதே ஆமிப் பெடியன் நின்றான். என்னைத் தூரத்தில் கண்டதுமே சிரித்துக்கொண்டு வந்தான். பையைத் திறந்து போத்தலை எடுத்தான். "சமனலயா கோ, அம்மே?" வண்ணாத்திப்பூச்சி எங்கே என்கிறான். வெறும் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய முகம் வாடிவிட்டது. அந்த நாளில் என்னை நினைத்து முகம் வாடியவன் அவன் ஒருவன்தான், அதுவும் பூச்சிக்காக. அவனுக்கு முன்னாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விசயம். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வையுங்கள், பெட்டிக்குள் வைக்காதீர்கள். இரண்டு இடத்திலும் கேட்பார்கள். பின்னேரம் ஓமந்தை பூட்டுமுன் திரும்பிவிட வேண்டும். ஒன்றரை மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்ததை நம்ப முடியாது. மாங்குளத்துச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு நல்லது, இடியப்பம் சொல்லும்படியாக இல்லை. பழம் கொண்டுபோவதென்றால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஊசி ஓட்டை இருந்தால் அது காட்டுப் பூச்சி, வேறொன்றும் இல்லை. உங்கள் உறவுக்காரர் யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம். தோடை வைத்திருப்பவர்கள் காய் முற்றத் தொடங்கும்போதே பை கட்டுங்கள். நான் இப்போது கட்டுகிறேன். சீந்திலை வெட்டவில்லை, மருந்துக்கு வேண்டும்.

கலியாணம் வைகாசியில் நடந்தது. படம் பார்த்தேன், தர்சினி வடிவாக இருந்தாள். திலகவதியில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது, தெரிந்ததைத்தான் கதைத்தார். தர்சினி பயந்த பிள்ளை. தரகர் மயில்வாகனத்தை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. சிவலிங்கம் தன் வீட்டு மரத்தில் என்ன கட்டியிருக்கிறது என்று ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் அம்மா மூன்றாவதைப் பெற்றுப் படுத்தவர் எழும்பவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. விடிய எழும்பி இடியப்பம் பிழிந்து விற்றுத்தான் அந்தப் பிள்ளைக்குப் பால் வாங்கினேன், பிறகு கொப்பி வாங்கினேன், பத்தாம் வகுப்பு மட்டும் படிப்பித்தேன். பெயர் வைக்கக் கூட ஆள் இல்லை. முப்பத்தோராம் நாள் காதுக்குள் மூன்று தரம் அந்தப் பெயரைச் சொன்னவள் நான்தான். மன்னிக்க மாட்டேன் என்று சொல்லும்போதும் நான் வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: செல்வராணி.